மன்னாரில் வளர்ந்த மகாராணியும் மதுரை மணப்பெண்களும்



ஒரு நடிகைக்கும் ஓர் இளவரசருக்கும் காதல் என்று பத்திரிகையிலே செய்தி வந்தால், எங்கள் அக்கரப்பத்தனைக் கடைவீதியில் அதை இரண்டு விதமாகத்தான் வாசிப்பார்கள். ஒரு சாரார் படத்தைப் பார்த்து மகிழ்வார்கள். மறு சாரார், "இதெல்லாம் பெரிய நாடுகள் போடுகிற நாடகம், உனக்கும் எனக்கும் விளங்காது" என்று சொல்லிவிட்டுத் தேநீர்க் கோப்பையைக் கீழே வைப்பார்கள். இரண்டாவது கட்சிக்காரரை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது. 1956ஆம் ஆண்டு ஹொலிவூட் நடிகை கிரேஸ் கெலி மொனாக்கோ இளவரசர் மூன்றாம் ரெய்னியரை மணந்தபோது உலகமே அதைக் காதற் கதையாகப் படித்தது. ஆனால், வாரிசு இல்லாமற் போனால் மொனாக்கோ பிரான்சின் கைக்குள் போய்விடும் என்ற அச்சம், 1918ஆம் ஆண்டு உடன்படிக்கை ஒன்றின் காரணமாக, அந்தச் சின்னஞ்சிறு நாட்டில் நெடுநாளாக இருந்து வந்தது. தாலாட்டுக்கும் உடன்படிக்கைக்கும் சம்பந்தம் உண்டு என்பதற்கு இது போதும்.

காதல் வேடம் போட்ட அரசியலா, அரசியல் மேடையில் அகப்பட்டுக்கொண்ட காதலா என்று எவராலும் தீர்த்துச் சொல்ல முடியாத கதையொன்று நம்மைப் போன்ற இன்னொரு தேயிலை மலையிலே நடந்தது. 1959ஆம் ஆண்டு, தார்ஜிலிங் நகரின் விண்டமியர் ஹோட்டலில், ஹோப் குக் என்ற அமெரிக்கக் கல்லூரி மாணவி சிக்கிம் நாட்டு இளவரசரான பல்தென் தொண்டுப் நம்கியாலைச் சந்தித்தார். பெண்ணுக்கு வயது பத்தொன்பது. இளவரசர் மனைவியை இழந்தவர்; மூன்று பிள்ளைகளின் தகப்பன். 1963 மார்ச் 20ஆம் திகதி கங்டொக்கில் திருமணம். சீனப் போர் முடிந்து நான்கு மாதங்கூட ஆகவில்லை. சிக்கிமின் எல்லைக்கு அப்பால் சீனப் படை நிற்கிறது. 1950ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி சிக்கிமின் பாதுகாப்பும் வெளியுறவும் இந்தியாவின் பொறுப்பு. அந்த நேரத்திலே அரண்மனைக்குள் ஓர் அமெரிக்கப் பெண்! அமெரிக்கப் பத்திரிகைகள் அவரை இன்னொரு கிரேஸ் கெலியாகப் பார்த்தன. இந்தியாவிலோ, "இவள் சி.ஐ.ஏ. அனுப்பிய ஆள்" என்ற பேச்சுப் பரவியது.

1966இல் அவரே அந்த நெருப்புக்கு எண்ணெய் வார்த்தார். கங்டொக்கிலிருந்து வெளிவந்த திபெத்தியல் ஆய்விதழொன்றில், தார்ஜிலிங் நிலம் ஒருகாலத்தில் சிக்கிம் மன்னரால் ஆங்கிலேயருக்குக் கொடுக்கப்பட்ட முறையை ஆராய்ந்து, அது உரிமையை அடியோடு விட்டுக்கொடுத்த கொடையல்ல என்ற பொருள்பட எழுதினார். தேயிலை விளையும் தார்ஜிலிங்கையே திருப்பிக் கேட்கிறாளே என்று இந்தியப் பத்திரிகைகள் கொதித்தன. 1973இல் சிக்கிமிலே கலவரம். அவ்வாண்டே அரசியார் பிள்ளைகளுடன் நாட்டை விட்டுப் போனார். 1975இல் சிக்கிம் இந்தியாவின் மாநிலமாயிற்று. 1980இல் மணமுறிவு. அவர் உளவாளி என்பதற்கு ஏற்கத்தக்க சான்று எதுவும் முன்வைக்கப்பட்டதில்லை. ஆயினும் அந்தப் பேச்சு செய்ய வேண்டிய வேலையைச் செய்து முடித்தது. மன்னர் எதைக் கேட்டாலும், "அது மனைவி சொல்லிக் கொடுத்த பாடம்" என்று தட்டிவிட அது உதவியது. திருமணம் அரசியற் கருவியாக இருந்ததோ இல்லையோ, திருமணத்தைப் பற்றிய வதந்தி நல்ல கருவியாக இருந்தது. இந்த வேறுபாட்டை நேயர்கள் சற்று மனத்திலே வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இனி நம்முடைய மலைக்கு வருவோம். எங்கள் ஊரைத் தொட்டு ஓடும் அக்கர ஓயா கீழே இறங்கிக் கொத்மலை ஓயாவாகி, மகாவலியோடு கலந்து, கண்டி நகரை வளைத்துக்கொண்டு திருகோணமலைக் கடலுக்குப் போகிறது. அந்தத் தண்ணீர் போகும் வழியிலேதான் இந்த நாட்டின் மிகப் பெரிய அரசியற் கல்யாணங்கள் நடந்தன. நானூறு ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு பெண்ணை வளர்த்து, பெயர் மாற்றி, மதம் மாற்றி, முடிசூட்டி, "இவளே உங்கள் இராணி" என்று ஒரு வல்லரசு கண்டிக்குக் கொண்டுவந்து இறக்கிய கதை அவற்றுள் தலையாயது.

கரலியத்தே பண்டார என்பவன் கண்டியின் அரசன். 1580களின் தொடக்கத்தில் சீதாவாக்கை இராஜசிங்கன் கண்டியைக் கைப்பற்றவே, அவன் குடும்பத்தோடு கிழக்கே திருகோணமலைப் பக்கம் ஓடினான். அங்கே அம்மை நோய் கண்டு மாண்டான். எஞ்சியவர்கள் சிறுமியான அவன் மகள் குசுமாசன தேவியும், மருமகன் யமசிங்க பண்டாரவும். இருவரும் போர்த்துக்கேயரின் கைக்கு வந்தார்கள். மன்னாரிலே அவர்களை வைத்து வளர்த்தார்கள். ஞானஸ்நானம் கொடுத்து, பையனுக்குத் தொம் பிலிப் என்றும் பெண்ணுக்குத் தோனா கத்தரீனா என்றும் பெயரிட்டார்கள். அநாதைக் குழந்தைகளுக்குச் செய்த தருமம் என்று இதைச் சொல்லலாம். முதலீடு என்றும் சொல்லலாம். மலைநாட்டின் சட்டப்படியான வாரிசு தங்கள் கோட்டைக்குள் செபம் சொல்லிக்கொண்டிருக்கிறது என்பதை மறக்குமளவுக்குப் போர்த்துக்கேயர் அப்பாவிகளல்லர்.

இதே காலத்தில் அவர்கள் வளர்த்த இன்னொருவனும் இருந்தான். கொனப்பு பண்டார என்ற பெயருடைய அவனுடைய தந்தையைச் சீதாவாக்கை மன்னன் கொன்றிருந்தான். கொனப்பு கொழும்புக்கும் கோவைக்கும் (நமது கொங்கு நாட்டுக் கோவையன்று, போர்த்துக்கேயரின் கோவா) போய் ஞானஸ்நானம் பெற்று, தொம் யுவான் த ஒஸ்திரியா ஆனான். லெபாந்தோ கடற்போரிலே துருக்கியரை வென்று புகழ் பெற்ற ஸ்பானியத் தளபதியின் பெயரையே அவனுக்குச் சூட்டியிருந்தார்கள். பெயரிலே அவ்வளவு நம்பிக்கை! 1590களின் தொடக்கத்தில் போர்த்துக்கேயர் தொம் பிலிப்பைக் கண்டியில் அரியணை ஏற்றியபோது இந்தக் கொனப்புவும் படையோடு போனான். பிலிப் சில நாட்களிலே இறந்தான். கொனப்பு போர்த்துக்கேயரைத் துரத்திவிட்டு, மீண்டும் பௌத்தனாகி, விமலதர்மசூரியன் என்ற பெயரில் தானே அரசனானான்.

இப்பொழுது போர்த்துக்கேயர் கையில் மிஞ்சியது பெண் ஒருத்திதான். 1594ஆம் ஆண்டு பேத்ரோ லோபஸ் த சூசா என்ற தளபதி, பெரும்படையோடும் தோனா கத்தரீனாவோடும் கண்டிக்கு ஏறினான். படையின் பெரும்பகுதி உள்நாட்டு லஸ்கரின் வீரர்கள். அவர்களுக்குத் தலைவன் ஜயவீர பண்டார என்ற முதலியார். கண்டி மக்கள் முதலில் இளவரசியை எதிர்க்கவில்லை. அவள் அவர்களுடைய அரசனின் மகள். உரிமை அவளுக்குத்தான் உண்டு. விமலதர்மசூரியன் காட்டுக்குள் பின்வாங்கினான். அவளுக்கு முடிசூட்டும் நடந்தது.

கோளாறு திருமணப் பேச்சிலேதான் வந்தது. அரசியின் கையைப் பிடிப்பவன்தான் கண்டியின் அரசன். ஜயவீர தனக்கே அவளைக் கேட்டான். படையைத் திரட்டியவன் தானென்ற உரிமை அவனுக்கு இருந்தது. போர்த்துக்கேயரோ அவளை ஒரு போர்த்துக்கேயப் பிரபுவுக்குக் கட்டிக்கொடுக்கும் எண்ணத்தில் இருந்தார்கள். தங்கள் அரசியைத் தங்கள் கண்ணிலேயே காட்டாமல் அந்நியர் காவல் செய்கிறார்கள் என்ற மனக்குறையோடு இந்தச் செய்தியும் சேர்ந்து ஊரெங்கும் பரவியது. அந்த நேரத்திலே ஜயவீரவுக்கும் எதிரிக்கும் இரகசியத் தொடர்பு இருப்பதாகக் காட்டும் ஓலையொன்று தளபதியின் கைக்குச் சிக்கியது. விமலதர்மசூரியன் வேண்டுமென்றே எழுதி அகப்படச் செய்த பொய் ஓலை அது என்று கூறுவர். தளபதி ஆராயவில்லை, ஜயவீர கொல்லப்பட்டான். அன்றிரவே லஸ்கரின்கள் கலைந்து போனார்கள். மலைக்காட்டின் நடுவே போர்த்துக்கேயர் தனித்து நின்றார்கள். 1594 ஒக்ரோபரில் தந்துரே என்ற இடத்திலே அப்படை ஏறத்தாழ முழுவதும் அழிந்தது. தளபதி மாண்டான். அரசி சிறைப்பட்டாள். விமலதர்மசூரியன் அவளை மணந்தான்.

இங்கே ஒரு கணம் நின்று யோசிக்க வேண்டும். போர்த்துக்கேயர் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாகச் செதுக்கிய கருவி அப்படியே எதிரியின் கைக்குப் போய், எதிரிக்கே அரசுரிமை வாங்கிக் கொடுத்தது. அதுவரை விமலதர்மசூரியன் ஒரு வெற்றி வீரன் மட்டுமே. கரலியத்தேயின் மகளை மணந்த பின்னரே அவன் கேள்விக்கிடமில்லாத அரசன். நாடகத்தை எழுதியவன் ஒருவன். அதன் கடைசிக் காட்சியை ஆடியவன் வேறொருவன். "எல்லாம் அவர்கள் திட்டம்" என்று சொல்லுகிற தேநீர்க்கடை நண்பர்கள் மறந்துவிடுவது இதைத்தான். வல்லரசு மேடை போடும். அங்கே ஏறியவர்கள் சொல்லிக் கொடுத்த வசனத்தையே பேசுவார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

அவள் மனத்திலே என்ன இருந்தது? அதை அவள் எழுதி வைக்கவில்லை, பிறர்தான் எழுதினார்கள். போர்த்துக்கேயப் பாதிரியார் குவேறோஸ் எழுதிய வரலாற்றிலே அவள் பறிகொடுக்கப்பட்ட கிறிஸ்தவ அரசி. கண்டியின் மரபிலே அவள் பட்டத்து மகிஷி. யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தருக்குப் போதகராக இருந்த பால்தேயஸ் 1672இல் வெளியிட்ட நூலிலே உருக்கமான கதாநாயகி. மூன்று வல்லமைகளுக்கு மூன்று கத்தரீனாக்கள் தேவைப்பட்டார்கள்.

1602இல் ஒல்லாந்தத் தளபதி யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பிலே கரையிறங்கிக் கண்டிக்கு வந்தான். அவனை வரவேற்ற விமலதர்மசூரியன், வழக்கத்துக்கு மாறாகத் தன் அந்தப்புரத்தையே திறந்து, அரசியையும் பிள்ளைகளையும் கொண்டுவந்து காட்டினான். அவர்கள் ஐரோப்பிய முறையில் உடுத்தியிருந்தார்கள். ஒல்லாந்தர் இங்கே கோட்டை கட்ட வந்தால், தானும் தன் மனைவியும் பிள்ளைகளுமே தோளிலே கல் சுமந்து தருவோம் என்று அரசன் சொன்னதாக அந்தப் பயணக் குறிப்பிலே இருக்கிறது. போர்த்துக்கேயர் மன்னாரில் கற்றுக்கொடுத்த நடையுடை பாவனை, போர்த்துக்கேயரைத் துரத்துவதற்கு ஒரு புதிய நண்பனின் மனத்தைக் கவரப் பயன்படுகிறது! என்ன சாமர்த்தியம் பாருங்கள். அது அரசனின் சாமர்த்தியம் மட்டுந்தானா, அரசிக்கும் அதில் பங்கு உண்டா? உண்டு என்றே நான் நினைக்கிறேன். போர்த்துக்கேயரின் பழக்கவழக்கம் அந்த அரண்மனையிலே அவளைவிட யாருக்குத் தெரியும்?

1604இல் விமலதர்மசூரியன் இறந்தான். அவனுடைய உறவினனும் முன்னர் துறவியாக இருந்தவனுமான செனரத் அரசுக்கு வந்தான். எப்படி வந்தான்? அதே வழிதான்: தோனா கத்தரீனாவை மணந்தான். 1613இல் அவள் இறந்தபோது, ஒரு நாட்டின் அரசுரிமையை இரண்டு ஆண்களின் கையிலே வைத்துவிட்டுப் போனாள். இரண்டாம் இராஜசிங்கன் அவள் வயிற்றுப் பிள்ளை.

அந்த அரண்மனையிலே மார்செலஸ் பொஷௌவர் என்றொரு ஒல்லாந்த வியாபாரி செல்வாக்கோடு இருந்தான். கண்டியின் தூதன் நானே என்று சொல்லிக்கொண்டு அவன் ஐரோப்பாவுக்குப் போய், டென்மார்க் மன்னனோடு ஒப்பந்தம் செய்தான். டேனியக் கப்பல்கள் புறப்பட்டன. வழியிலே பொஷௌவர் இறந்தான். 1620இல் வந்து சேர்ந்த டேனியரிடம் செனரத் அந்த ஒப்பந்தத்தை ஒப்புக்கொள்ளவில்லை. வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பாமல் தஞ்சை நாயக்கரிடம் இடம் வாங்கித் தரங்கம்பாடியிலே கோட்டை கட்டினார்கள். தரங்கம்பாடியிலே அச்சான தமிழ் நூல்களின் பூர்வ கதை கண்டி அரண்மனையிலே தொடங்குகிறது என்றால் யார் நம்புவார்கள்?

தாயின் கதையிலிருந்து மகன் இராஜசிங்கன் பாடம் படித்துக்கொண்டான் போலும். அவனுடைய அரசி கரையிலிருந்து, அதாவது தென்னிந்தியாவிலிருந்து, வரவழைக்கப்பட்ட பெண். இந்நாட்டில் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறைப்பட்டிருந்து 1679இல் தப்பிய ஆங்கிலேயன் ரொபேர்ட் நொக்ஸ் அவளைப் பற்றி இரண்டொரு வரிதான் எழுதுகிறான். அவள் ஒரு மலபார்ப் பெண். கண்டி நகரிலே அரசன் விட்டுச் சென்ற இடத்திலேயே இருக்கிறாள். இருபது ஆண்டுகளாக அரசன் அவளைப் போய்ப் பார்த்ததில்லை. தமிழரை ஐரோப்பியர் அந்நாளில் மலபார் என்றே அழைத்தார்கள். கடல் கடந்து வந்து, மொழி தெரியாத மலையிலே, கணவன் முகத்தை இருபது ஆண்டு காணாமல் இருந்த அந்தப் பெண்ணின் பெயரைக்கூட நொக்ஸ் எழுதவில்லை.

அவளுக்குப் பின்னும் மணப்பெண்கள் வந்தார்கள். ஏன் மதுரை? கண்டிப் பிரதானிகளின் வீட்டிலே பெண் எடுத்தால் அந்த ஒரு வீடு உயர்ந்து மற்றைய வீடுகள் பகையாகும். அரசனின் பட்டத்தரசி சத்திரிய குலத்தவளாக இருக்க வேண்டுமென்ற மரபு வேறு இருந்தது. கடற்கரை முழுவதும் ஒல்லாந்தர் வசமிருக்க, அக்கரையிலே உறவு வேண்டுமென்ற கணக்கும் இருந்திருக்கும். வேடிக்கை என்னவென்றால், கண்டிக்குச் சொந்தத் துறைமுகமில்லை. ஆகவே மணப்பெண்ணை ஏற்றிவர அந்த ஒல்லாந்தரிடமே கப்பல் கேட்க வேண்டும்! அவர்களும் கொடுத்தார்கள். கறுவா உரிக்கும் காடுகள் அரசனின் நாட்டிலே இருக்க, அவன் மனம் கோணாமலிருக்க ஒரு கப்பல் அதிகச் செலவல்ல. 1753இல் உபாலி தேரர் சீயத்திலிருந்து உபசம்பதையைக் கொண்டுவந்ததும் ஒல்லாந்தக் கப்பலிலேதான். அரசனின் கல்யாணமும் பௌத்த மறுமலர்ச்சியும் ஒரே கம்பனியின் பாய்மரத்தை நம்பி இருந்தன.

1736இல் மதுரை நாயக்க அரசு மறைந்தது. ஆனாலும் "மதுரை இராஜகுமாரி" என்ற பேச்சு கண்டியிலே மறையவில்லை. இல்லாத அரசின் இளவரசிகள் வந்துகொண்டே இருந்தார்கள். நாடகம் என்ற சொல் பொருந்துமென்றால் இங்கேதான் பொருந்தும். அதுவும் ஒருவருக்கும் தீங்கில்லாத நாடகம். பெண் வந்தாள், பெண்ணோடு தகப்பனும் தமையன் தம்பியும் வந்தார்கள், கண்டியிலே அவர்களுக்கென்று மலபார் வீதி உண்டாயிற்று. 1739இல் நரேந்திரசிங்கன் பட்டத்தரசி வயிற்றிலே பிள்ளையின்றி இறந்தபோது, அரசியின் தம்பி ஸ்ரீ விஜய இராஜசிங்கன் என்ற பெயரோடு அரியணை ஏறினான். மைத்துனன் மன்னனானான். அவனுக்குப் பின்னும் மைத்துனனே. அவன்தான் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன். 1747இலிருந்து 1782 வரை ஆண்டு, தலதா மாளிகைக்கும் விகாரைகளுக்கும் அள்ளிக் கொடுத்தவன். ஆயினும் 1760இல் அவனைக் கொன்றுவிட்டுச் சீயத்து இளவரசன் ஒருவனை அரசனாக்கச் சில பிரதானிகளும் சில துறவிகளும் சதி செய்தார்கள். அந்நியன் என்பதற்காக ஒரு தமிழ் அரசனை நீக்கி, சீயத்திலிருந்து ஓர் அரசனை வரவழைப்பது! அந்நியம் என்பதன் அளவுகோல் எப்போதும் அளப்பவர் கையிலேதான்.

கடைசி அரசனின் வரலாறு பலரும் அறிந்ததே, விரைந்து கடப்போம். 1798இல் பிலிமத்தலாவை அதிகாரம் அவனை அரியணை ஏற்றினான். பின்னர் தன் மகனுக்குக் கீர்த்தி ஸ்ரீயின் வழிவந்த பெண்ணொருத்தியைக் கட்டிவைக்க முயன்றான். இன்னொருவன் அரச குடும்பத்திலே பெண் எடுத்தால் என்ன பொருள் என்பது மணவழியாலே அரசான குடும்பத்துக்குத் தெரியாதா? மன்னன் அதை இராஜத் துரோகத்தின் அறிகுறியாகவே கண்டான். ஆங்கிலேயரும் சும்மா இருக்கவில்லை. முந்தைய அரசனின் மைத்துனனான முத்துசாமியைத் தங்கள் ஆளாக 1803இல் கண்டியிலே முடிசூட்டிப் பார்த்தார்கள். அவனை ஒப்படைக்கவும் நேர்ந்தது, அவன் கொலையுண்டான். 1594இல் போர்த்துக்கேயர் ஒரு பெண்ணை வைத்துச் செய்ததை, ஆங்கிலேயர் ஒரு மைத்துனனை வைத்துச் செய்தார்கள். விளைவும் ஏறத்தாழ ஒன்றுதான்.

1815 பெப்ருவரி 18ஆம் திகதி ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் பிடிபட்டான். மார்ச் 2ஆம் திகதி கண்டி உடன்படிக்கை. அதன் மூன்றாம் பிரிவை நம்மவர்கள் ஒவ்வொருவரும் ஒருமுறை வாசிக்க வேண்டும். இரத்த உறவினாலோ மண உறவினாலோ அரசனுக்கு உறவானவர்கள், உறவென்று சொல்லிக்கொள்பவர்கள் ஆகிய ஆண்கள் அனைவரும் கண்டி மாகாணங்களின் அரசுக்குப் பகைவர். எழுத்து மூலமான அனுமதியின்றி உள்ளே வரக்கூடாது. மலபார் சாதியினர் என அழைக்கப்படும், வெளியேற்றப்பட்ட ஆண்கள் எவரும் திரும்பி வரக்கூடாது. மீறினால் இராணுவச் சட்டப்படி தண்டனை. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளாக எந்த மணவுறவைத் தேடித் தேடி ஒல்லாந்தரிடம் கப்பல் கேட்டார்களோ, அந்த மணவுறவே இப்போது குற்றப் பத்திரிகையிலே ஏறியது.

1816இல் அரசனையும் அரசிமாரையும் கப்பலேற்றிச் சென்னைக்கு அனுப்பி, அங்கிருந்து வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். இம்முறை கப்பல் எதிர்த்திசையிலே ஓடியது. 1820களில் கம்பளைப் பக்கத்திலே கோப்பித் தோட்டம் தொடங்கியது. காடு வெட்ட ஆள் வேண்டியிருந்தது. 1832 ஜனவரி 30ஆம் திகதி அரசன் வேலூரிலே இறந்தபோது, மலபார் சாதி ஆண்கள் திரும்பி வரக்கூடாது என்ற வாசகம் உடன்படிக்கையிலே அப்படியே இருந்தது. தோனா கத்தரீனா வளர்ந்த அதே மன்னார்க் கரையிலே இறங்கி, மாத்தளைப் பாதையாலே, ஆட்கள் கண்டி மலைக்கு நடந்து வரத் தொடங்கியிருந்தார்கள்.